சுத்தப் பிரதி

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் குடியை நிறுத்தியதற்காக அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். நீல நாடா கோத்த பித்தளைப் பதக்கம். சமையலறை ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. தூசி தட்டும்போது அதையும் ஒரு தடவை துடைத்து வைக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் எடைமேடையில் வேலை பார்த்தார். லாரி ஒரு முறை காலியாக ஏறும், ஒரு முறை சரக்கோடு ஏறும். இரண்டையும் எழுதிக் கழித்தால் சரக்கின் எடை. கணினி வந்த பிறகும் அவர் பேரேட்டில் கையால் எழுதுவதை விடவில்லை. "மெஷின் பொய் சொன்னா யாரு சாட்சி?" என்பார். இருபத்தாறு வருஷம் எண்களை மட்டுமே எழுதிய கை அது. அவருடைய எட்டு தனி அழகு. மேலே சின்ன வளையம், கீழே பெரிய வளையம், இரண்டும் ஒரே இழுப்பில் வந்து, தொடங்கிய இடத்திலேயே போய் மூடிக்கொள்ளும்.

எனக்குச் சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பேன். துளை ஒரு நூல் விலகினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

சின்ன வயதில் யாரோ போட்ட ஊசியில் வந்து சேர்ந்த காமாலைக் கிருமி, நாற்பது வருஷம் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அவர் உடம்பில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. கண்டுபிடித்தபோது கல்லீரல் இறுகிப் போயிருந்தது. டாக்டர் நல்ல மனிதர், இளவயது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இறுகிடுச்சு. ஆனா இன்னும் வேலை செய்யுது. அது கையை விரிச்சுடாம பார்த்துக்கிறதுதான் இனிமே உங்க வேலை. கவனமா இருந்தா பல வருஷம் ஓட்டலாம்."

பல வருஷம் என்பதை மட்டும் நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் கல்லீரலுக்கு டாக்டர் ஒருவர், அறை ஒன்று. கல்லீரல் விழிப்புணர்வுப் பிரிவுக்கு அறைகள் நான்கு, ஊழியர்கள் பதினொரு பேர். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல்லீரல் பொம்மை, ஷூ போட்டுக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தபடி நிற்கும். அதைத் தாண்டினால் கவுண்டர். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டில் 'விழிப்புணர்வு பெற்றார்' என்ற முத்திரை விழ வேண்டும். முத்திரை இல்லாதவர்கள் விழிப்புணர்வு இல்லாதவர்கள். விழிப்புணர்வு இல்லாதவர்களை டாக்டர் பார்த்துப் பயனில்லை என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள்.

கவுண்டர்காரர் முதல் நாள் ஒரு படிவத்தை நிரப்பினார்.

"எப்போ நிறுத்தினீங்க?"

"எதை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடியை."

"நான் குடிச்சதே இல்லீங்களே."

கவுண்டர்காரர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "இங்க 'நிறுத்திய தேதி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"ஆரம்பிக்கவே இல்லைன்னா எப்படிங்க நிறுத்தறது?"

"அது உங்க பிரச்சினை. இன்னைக்குத் தேதி போட்டுக்கிறேன். நல்ல நாளாத்தான் இருக்கு."

இப்படியாக என் வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் குடியை நிறுத்தினார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் கண்டக்டரின் மனைவி.

"எங்க வீட்டுக்காரரு நெஜமாவே குடிச்சவரு அக்கா. நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா நிறுத்தினதுக்கு சாட்சிக் கையெழுத்து இல்லையாம். இன்னும் குடிக்கிறவர்ங்கற லிஸ்ட்லதான் வெச்சிருக்காங்க" என்றாள். கண்டக்டர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வகுப்பை நடத்தியவர் விழிப்புணர்வு அலுவலர். நோயாளிகள் அவருக்கு விழிப்பம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பு உறுதிமொழியோடு தொடங்கும். எல்லோரும் எழுந்து நின்று, வலது விலா எலும்பின் மேல் கையை வைத்து, 'என் கல்லீரல் என் பொறுப்பு' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். வயிற்றில் நீர் கோத்து எழுந்திருக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடி சொல்லலாம், ஆனால் அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

விழிப்பம்மா கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. உப்பைக் குறைக்கணும். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. மூலிகைப் பொடி என்று எதையும் வாயில் போடக் கூடாது. தினமும் காலையில் எடை பார்க்கணும், ரெண்டு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, நீர். மலம் கறுத்தால் ஓடி வரணும். ஜுரம் வந்தால் ஓடி வரணும். எல்லாவற்றையும் படத்தோடு ஒரு கையேட்டில் போட்டிருந்தார்கள். உப்பைப் பற்றிய வகுப்பில் டீயோடு உப்பு பிஸ்கட் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிஸ்கட் கம்பெனிதான் கையேட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தது.

"கல்லீரல் ஒரு மௌனமான உறுப்பு" என்றார் விழிப்பம்மா. "அது பேசாது. அதனால் அதுக்காக நாங்க பேசறோம். நாங்க பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது."

கேள்வி கேட்பதற்குக் கடைசி ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் விழிப்பம்மாவே தான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டு, பதிலும் சொல்வார்.

நான் கையேட்டை மனப்பாடம் செய்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில், காஜா மெஷின் முன்னால், துணி உலர்த்தும்போது. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள் நான். வகுப்பு முடிவில் எங்கள் இருவருக்கும் வைத்த பரிட்சையில் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. அவரைக் காப்பாற்றிவிடுவேன் என்ற நம்பிக்கை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அதில் பாதி மதிப்பெண் வாங்கிய சந்தோஷம்தான்.

"ஒரு மார்க் எதுல போச்சு?" என்றார் அவர். அவருக்குப் பதினேழு.

"கல்லீரல் எவ்வளவு எடைன்னு கேட்டிருந்தாங்க."

"எடையிலயா கோட்டை விட்டே? என் மானமே போச்சு."

பிறகு வந்தது டயரி.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு டயரி. எடை, மலம், உப்பு, தூக்கம், மனநிலை என்று ஐந்து கட்டம். நீல மையில்தான் எழுத வேண்டும். நோயாளியே எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. எழுத்து கோட்டைத் தாண்டக் கூடாது. மலம் என்ற கட்டத்தில் எத்தனை தடவை என்பதற்கு இரண்டு அல்லது மூன்று. மனநிலையில் 'மகிழ்ச்சி', 'மிக்க மகிழ்ச்சி' என்று இரண்டே வாய்ப்புகள். மாதம் ஒரு முறை டயரியைக் காட்டினால் முத்திரை. முத்திரை விழுந்தால் டாக்டர்.

மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கோ பண்டிகை வந்த மாதிரி. இருபத்தாறு வருஷம் லாரியை எடை போட்டவர், இப்போது குளியலறைப் பக்கம் ஒரு எடை மெஷின் வாங்கி வைத்துத் தன்னையே எடை போட்டார். மலம் இளக்கும் சிரப் காலையிலும் மாலையிலும் உண்டு. கழிவறைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை மெஷின் மேல் ஏறுவார், வந்து ஒரு தடவை ஏறுவார்.

"சரக்கு எடை அறுபத்தெட்டு புள்ளி எட்டு. காலி எடை அறுபத்தெட்டு புள்ளி நாலு. வண்டி கிளம்பலாம்" என்று அங்கிருந்தே சத்தம் போடுவார்.

"கருமம். இதெல்லாம் தெருவுக்கே கேட்கணுமா?"

"ஊருக்கே விழிப்புணர்வு வேணும்மா."

நான் சிரித்துவிடுவேன். அந்த ஆறு மாதமும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் உடம்பைப் பற்றி இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. ஆறாவது மாத முடிவில் கவுண்டர்காரர் நீல நாடாப் பதக்கத்தை அவர் கழுத்தில் மாட்டி, மனவுறுதியைப் பாராட்டினார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவர் அந்தக் கல்லீரல் பொம்மை மாதிரியே கட்டைவிரலை உயர்த்தியிருப்பார்.

ஏழாவது மாதம் மகள் போனில் கேட்டாள். "அப்பா ஏம்மா பேசும்போது பாதியில நிறுத்திடறாரு? லைன் கட்டாயிடுச்சோன்னு நான் ஹலோ ஹலோன்னு கத்தறேன்."

"வேலை அலுப்பா இருக்கும்டி."

எடைமேடையிலும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதால் பகலில் வருகிறது என்று நினைத்தேன். டயரியைப் பார்த்தேன். எட்டின் மேல் வளையம் மூடவில்லை. மறுநாள் கீழ் வளையமும் மூடவில்லை. அதற்கு மறுநாள் எட்டு, காற்றில் அவிழ்ந்த நூல் மாதிரி கட்டத்தை விட்டு இறங்கிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது. அறுபத்தெட்டு என்பதற்கு எண்பத்தாறு. எடையின் கட்டத்தில் உப்பு. மலத்தின் கட்டத்தில் மூன்று நாளாகச் சைபர்.

ஒரு நூல் விலகினால் கண்டுபிடிக்கிறவள் நான். பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஒழுங்கா எழுதுங்க, முத்திரை போட மாட்டாங்க" என்றேன்.

"பேனா சரியில்லம்மா" என்றார் அவர். நான் புதுப் பேனா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மாதம் முத்திரை நாளன்று, வகுப்பில் உறுதிமொழி முடிந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. விழிப்பம்மா பேச்சை நிறுத்தினார்.

"வகுப்பில் தூங்கறது நான் ஒதுக்கற நேரத்துக்குச் செய்யற அவமரியாதை. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வையுங்க. தூக்கம் போனதும் வரலாம்."

வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். கவுண்டர்காரர் டயரியை வாங்கி இரண்டு விரலால் புரட்டினார். அழுக்குத் துணியைப் பிடிக்கிற மாதிரி.

"என்னம்மா இது? போன மாசம் வரைக்கும் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. உங்க டயரியைத்தான் மத்தவங்களுக்குக் காட்டிட்டு இருந்தோம்."

"கொஞ்சம் உடம்பு..."

"எட்டா இது? கொக்கி மாதிரி இருக்கு. பதினோரு நாள் இப்படி. கோட்டைத் தாண்டியிருக்கு. அடிச்சு எழுதியிருக்கு. மலத்துல சைபர்னு வேற. சைபருக்கு நாங்க எங்கே போறது? சைபர் போட்டா முதல் வகுப்புலேருந்து மறுபடி வரணும். மூணு வாரம் ஆகும்."

"இன்னைக்கு டாக்டரைப் பார்க்கணுமே. அவருக்கு என்னமோ சரியில்ல."

"அதுக்குத்தானே வழி சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே உதவி செய்கிற மனிதரின் குரல். மேஜைக்குள்ளிருந்து ஒரு புது டயரியை எடுத்து என் கையில் வைத்தார். "சுத்தப் பிரதி எடுத்துட்டு வாங்க. எல்லாரும் பண்றதுதான். டாக்டர் பன்னிரண்டு வரைக்கும்தான் இருப்பார்."

மணி பதினொன்று இருபது.

பெஞ்சில் உட்கார்ந்து மடியில் இரண்டு டயரியையும் விரித்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். நோயாளியே எழுத வேண்டும் என்பது விதி. அதனால் அவருடைய பழைய எட்டைப் பார்த்து, அதே மாதிரி மேலே சின்ன வளையம் கீழே பெரிய வளையம் என்று எழுதப் பழகினேன். எனக்கு அது எளிதாகவே வந்தது. காஜா எடுக்கிற கை.

வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. விழிப்பம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கல்லீரல் வடிகட்டாத நஞ்சு மலத்தோடு வெளியே போகணும். தேங்கினால் அது மூளைக்குப் போகும். இது அபாயம். இதைக் கண்டுபிடிப்பது யார் கையில்? கூட இருப்பவர் கையில். அறிகுறிகள் என்ன? சொல்லுங்க."

உள்ளே எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். "பகலில் தூக்கம். கேட்டதையே கேட்பது. இடம் நாள் மறப்பது. கையெழுத்து மாறுவது."

"வண்டி வந்துடுச்சா?" என்றார் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல்.

"இல்லைங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"இன்னொரு தடவை" என்றார் விழிப்பம்மா உள்ளே.

"பகலில் தூக்கம். கேட்டதையே கேட்பது."

"வண்டி வந்துடுச்சா?"

"இடம் நாள் மறப்பது. கையெழுத்து மாறுவது."

என் பேனா நின்றது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேனா நின்றது, அந்த வரி என் மேல் வந்து மோதியது, எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஆனால் மணி பதினொன்று நாற்பத்தைந்து, பிரதி எடுக்க இன்னும் நாலு நாள் பாக்கி. முதலில் முத்திரை விழட்டும், டாக்டரிடம் வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மனம் எப்போதும் இப்படித்தான், உண்மையை ஒரு கதவு தள்ளி வைத்துவிட்டு அடுத்த அறையில் எடுத்துக்கொள்ளலாம் என்னும். பேனா மறுபடி ஓடியது. சைபர் இருந்த இடத்திலெல்லாம் இரண்டு போட்டேன். மனநிலை, மகிழ்ச்சி.

முத்திரை விழுந்தது. கவுண்டர்காரர் டயரியைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் டயரி" என்றார்.

டாக்டருக்கு வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டயரியைப் பார்த்தார்.

"எடை ஏறல. ரெண்டு தடவை போறார். அருமை. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்தார்.

"டாக்டர், இவர் கொஞ்சம் தூங்கிட்டே..." என்றேன்.

"டயரியில தூக்கம் எட்டு மணி நேரம்னு இருக்கே. நல்லதுதானே?"

அந்த எட்டு நான் எழுதியது. பழைய டயரி என் பையில், தண்ணீர் பாட்டிலுக்கும் கையேட்டுக்கும் நடுவில் இருந்தது. எடுத்துக் காட்ட எனக்கு மூன்று விநாடி போதும். பொய் எழுதினாயா என்று கேட்டுவிட்டால், மறுபடி மூன்று வார வகுப்பு என்றால், மற்றவர்கள் முன்னால் கவுண்டர்காரரை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டால் என்று அந்த மூன்று விநாடியில் மூன்று பயம் வந்தது. அடுத்தவர் கதவைத் தள்ளினார்.

"அடுத்த மாசம் பார்ப்போம். இதே மாதிரி தொடருங்க" என்றார் டாக்டர்.

அதே மாதிரி நாலு நாள் தொடர்ந்தது. ஐந்தாம் நாள் காலை அவர் எடை மெஷின் மேல் ஏறி நின்றவர் இறங்கவில்லை. எப்படி இறங்குவது என்று மறந்து நின்றார். நான் கையைப் பிடித்தேன். கை சுட்டது.

வார்டில் இரவுப் பணி முடித்துப் போகவிருந்த டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வயித்து நீர்ல கிருமி பிடிச்சிருக்கு. மலம் எத்தனை நாளாப் போகல?"

"ஏழு நாள்."

"ஏழு நாளா? வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சோம்" என்றேன்.

ஒன்பது நாள் இருந்தார். நடுவில் ஒரு நாள் வயிற்று நீரை எடுத்தபோது அவருக்குத் தெளிவு வந்தது. பாட்டிலில் நிறைந்ததைப் பார்த்துவிட்டு, "காலி எடை எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வார்டில் எடை மெஷின் இல்லை, அது விழிப்புணர்வுப் பிரிவில்தான் இருந்தது. "பார்த்துட்டு வந்து சொல்றேங்க" என்றேன். திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவர் பெயருக்கு. கல்லீரல் விழிப்புணர்வு வாரத்தை முன்னிட்டு, ஆண்டின் சிறந்த டயரியாகத் தங்கள் டயரி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், வர இயலாவிட்டால் காரணம் தெரிவிக்கவும் என்று இருந்தது. அன்று முத்திரை போட்ட சுத்தப் பிரதியை டாக்டரின் அறையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் பரிசு வாங்கியிருக்கிறது.

காரணம் தெரிவிக்கக் கவுண்டருக்குப் போனேன். கவுண்டர்காரருக்கு உண்மையிலேயே முகம் வாடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கணினியைப் பார்த்தார்.

"வராத காரணத்துல வெளியூர், வேலை, உடல்நலக் குறைவுன்னு மூணுதான் இருக்கு. வெளியூர்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்குங்க" என்றேன்.

விழா மண்டபத்தில் டயரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். நான் எழுதிய பக்கம்தான் விரிந்திருந்தது. அத்தனை எட்டும் மூடியிருந்தன. என் பையில் பழைய டயரி இருந்தது. மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் அதை எடுத்துக் காட்டிவிடுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன்.

விழிப்பம்மா பேசினார். "இந்த ஆண்டு நம் பிரிவில் டயரிச் சுத்தம் தொண்ணூற்றெட்டு விழுக்காடு. வகுப்புக்கு வந்தோர் எண்ணிக்கை சற்றே குறைந்திருக்கிறது. பழைய நோயாளிகள் பலர் இப்போது வருவதில்லை. இதை நான் நம் பிரிவின் வெற்றியாகவே பார்க்கிறேன். வகுப்பு தேவைப்படாத நிலைக்கு அவர்கள் போய்விட்டார்கள்." கைதட்டல். "பரிசு பெறுபவர் இன்று நம்மோடு இல்லை. ஆனால் அவருடைய டயரி நம்மோடு இருக்கிறது. ஒரு நோயாளியிடம் நாம் இதைவிட என்ன எதிர்பார்க்க முடியும்?"

கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். நான் ஒலிபெருக்கியின் பக்கம் நகர்ந்தேன். "பெறுபவர்கள் பேச நிகழ்ச்சி நிரலில் இடமில்லைம்மா" என்று கவுண்டர்காரர் மென்மையாகச் சொல்லி, படியிறங்கக் கை கொடுத்தார்.

தாழ்வாரத்துக்கு வந்தேன். அதே பெஞ்சில் கண்டக்டரின் மனைவி, மடியில் இரண்டு டயரிகளோடு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கேள்விப்பட்டிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மணியைப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பன்னிரண்டுக்குள்ள முடிக்கணும். உங்க கண்ணு நல்லாத் தெரியும்பீங்களே. இதை எட்டுன்னு எடுத்துக்கவா, ஆறுன்னு எடுத்துக்கவா?"

பார்த்தேன். அது எட்டும் இல்லை, ஆறும் இல்லை. மூடாத ஒரு கோடு.

"எதுவாவும் எடுத்துக்காதீங்க. எழுந்திருங்க."

"எங்கே அக்கா?"

"டாக்டர்கிட்ட."

"முத்திரை இல்லாம விடமாட்டாங்களே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்ங்கற கதையா..."

நான் கண்டக்டரின் ஒரு கையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் இன்னொரு கையைப் பிடித்தாள். மூன்று பேருமாக, ஷூ போட்ட கல்லீரலைத் தாண்டி நடந்தோம். மண்டபத்திலிருந்து கவுண்டர்காரர் ஓடி வந்தார்.

"அம்மா, டயரி எங்கே? முத்திரை?"

"கண்ணாடிப் பெட்டியில இருக்கிற டயரியை எழுதினது நான்" என்றேன். "நீங்க கொடுத்த நோட்டுல, இந்தப் பெஞ்சுல உட்கார்ந்து."

அவருக்கு அது புதிய செய்தியில்லை. ஆனால் சத்தமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மண்டபத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குள் நான் கதவைத் தள்ளிவிட்டேன்.

டாக்டர் வழக்கம்போல டயரிக்குக் கையை நீட்டினார். நான் என் பையிலிருந்து பழைய டயரியை எடுத்து, கடைசிப் பதினோரு நாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது இவரோடது இல்லையே."

"இல்ல டாக்டர். எங்க வீட்டுக்காரரோடது. நீங்க பார்த்தது சுத்தப் பிரதி. இதுதான் அவர் எழுதினது. இதைப் பார்த்துட்டு இவரைப் பாருங்க."

அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததை மெதுவாகப் புரட்டினார். சைபர்கள் இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது. காது மடல் சிவந்திருந்தது. இளவயதுதான் என்று மறுபடியும் நினைத்தேன்.

"ஸ்டாப் வந்துடுச்சா?" என்றார் கண்டக்டர், யாரையும் பார்க்காமல்.

டாக்டர் டயரியை மூடிவிட்டு எழுந்து வந்து அவர் முன்னால் குனிந்தார். "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. விரலை விரிச்சு, மணிக்கட்டை மேல தூக்கி, அப்படியே பிடிங்க."

கண்டக்டர் கையை நீட்டினார். முதலில் டிக்கெட் காசுக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கையைத் திருப்பினார். மனைவி திருத்தி வைத்தாள். ஒரு விநாடி கைகள் அப்படியே நின்றன. பிறகு இரண்டும் படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தன, பறக்கப் பார்த்து முடியாத சிறகு மாதிரி.

"இப்பவே அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டர். "நேரத்தோட வந்துட்டீங்க. சரி பண்ணிடலாம்."

கண்டக்டரின் மனைவி அழத் தொடங்கினாள். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையேட்டில் இந்தப் படம் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கம், கீழே. பரிட்சையில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண்.

என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.